இரண்டு சொற்களுக்கு ஒரு வலை

அக்குறணையில் இருப்பவர்களுக்குப் பிங்கா ஓயாவைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெயில் நாளில் அது ஊருக்குள் ஓடுவதே தெரியாது. மேலே மலைகளில் விடாமல் மழை பெய்தால் சில மணி நேரத்துக்குள் கடைவீதிக்கு ஏறிவிடும். வாப்பாவின் கடை அந்த வீதியில்தான் இருக்கிறது.

நான் உயர்தர வகுப்பில் சேர்ந்த வருடம், ஒரு நாள் மஃரிபுக்குப் பிறகு மழை பிடித்துக் கொண்டது. "தண்ணி ஏறுது, சாமானத் தூக்கி வெச்சிட்டு வாறன்" என்று வாப்பா தொலைபேசியில் சொன்னார். அன்றிரவு நாங்கள் கேட்ட அவருடைய கடைசி வார்த்தைகள் அவைதான். முதலில் கரண்ட் போனது. பிறகு தொலைபேசியின் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்து இல்லாமலே போயின. "எங்க இருக்கீங்க?" என்று உம்மா அனுப்பிய வட்ஸ்அப் செய்தி, பக்கத்தில் சிறிய கடிகாரக் குறியோடு அப்படியே நின்றுவிட்டது. அந்தக் குறியை உம்மா விடியும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

விடிந்து வெகு நேரத்துக்குப் பின் வாப்பா சேறு படிந்த சாரத்தோடு வந்து சேர்ந்தார். பக்கத்துக் கடையின் மேல்மாடியில் நான்கைந்து பேரோடு பத்திரமாகத்தான் இருந்திருக்கிறார். கடைக்கும் எங்கள் வீட்டுக்கும் இடையே ஏறத்தாழ 2 கிலோமீற்றர் தூரம்தான். "நான் சுகம்" என்ற இரண்டு சொற்கள் அந்த 2 கிலோமீற்றரைக் கடந்திருந்தால் உம்மா அன்றிரவு கண் மூடியிருப்பார்.

அந்த இரண்டு சொற்களைக் கொண்டு சேர்க்க ஒரு வழி தேடத் தொடங்கிய நான், கடைசியில் தூர வானொலி வலைப்பின்னல் என்ற பொழுதுபோக்குக்குள் வந்து விழுந்தேன். எந்தக் கருவி, எந்த முறை என்று தெரிவு செய்ய எனக்கும் நானாவுக்கும் பல மாதங்கள் எடுத்தன. நாங்கள் கற்றதை இங்கே எழுதுகிறேன். இதில் இறங்க விரும்பும் தோழியருக்கும், "இது என்ன புதுப் பைத்தியம்?" என்று கேட்கும் பெற்றோருக்கும் பயன்படும் என நம்புகிறேன்.

கோபுரம் ஏன் ஓய்கிறது?

நம் கைத்தொலைபேசிகள் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசுவதில்லை. அடுத்த அறையில் இருக்கும் தங்கைக்கு அழைப்பெடுத்தாலும் நம் குரல் முதலில் கோபுரத்துக்குப் போய்த்தான் திரும்பி வருகிறது. கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும். மின்சாரம் நின்றால் அங்குள்ள மின்கலங்கள் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான். 2022 மார்ச் மாதக் கடைசியில் நாடெங்கும் 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். அந்நாட்களில் மின்சாரத்தோடு தொலைபேசித் தொடர்பும் பல இடங்களில் போய்வந்தது.

வலைப்பின்னல் முறையில் கோபுரம் கிடையாது. ஒவ்வொரு வீட்டிலும் தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரிய ஒரு வானொலிக் கருவி இருக்கும். அது புளூடூத் மூலம் நம் தொலைபேசியோடு இணையும். தொலைபேசியில் நாம் செய்தியை அடித்தால் கருவி அதைக் காற்றில் அனுப்பும். அடுத்த கருவி அதைக் கேட்டு மீண்டும் சொல்லும். இப்படிக் கை மாறிக் கை மாறிச் செய்தி போய்ச் சேரும். ஒவ்வொரு கை மாறலையும் ஒரு 'தாவல்' என்கிறார்கள். இதற்கு இணையமோ சிம் அட்டையோ மாதக் கட்டணமோ தேவையில்லை.

குருவி கீச்சிடுவது போல

இந்தக் கருவிகள் பெரும்பாலும் 'லோரா' என்ற முறையில் பேசுகின்றன. 'நீண்ட தூரம்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் சுருக்கம் அது. பிரான்ஸின் கிரெனோபிள் நகரிலிருந்த சைக்லியோ என்ற சிறு நிறுவனம் இதை உருவாக்கியது. அந்த நிறுவனத்தை 2012இல் அமெரிக்காவின் செம்டெக் நிறுவனம் வாங்கிக் கொண்டது.

இதன் உத்தி எளிமையானது. சாதாரண வானொலி ஒரு மீடிறனில் நின்று பேசும். லோராவோ ஒரு சிறு வீச்சுக்குள் மீடிறனைக் கீழிருந்து மேலாக இழுத்துச் செல்லும். நம் காதால் கேட்கக்கூடியதாக இருந்தால் அது குருவியின் கீச்சொலி போல ஒலிக்கும். சந்தை இரைச்சலில் ஒருவர் பேசுவது விளங்காது. ஆனால் ஒரே மாதிரி இழுபடும் விசிலொலி தனியாகக் காதில் விழும் அல்லவா? அதேபோல, பின்னணி இரைச்சலை விடப் பலவீனமான சமிக்ஞையைக்கூட லோரா கருவி பிரித்தெடுத்துவிடும். வழக்கமான ஒரு கருவியின் உச்ச வலு ஒரு வாற்றின் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவுதான். அவ்வளவு சிறிய வலுவில் பல கிலோமீற்றர் எட்டுவது இதனால்தான்.

இதற்கு நாம் கொடுக்கும் விலை வேகம். மிகப் பரவலாகப் பயன்படும் அமைப்பில் செக்கனுக்குச் சுமார் ஆயிரம் பிட்டுகள்தான் போகும். குரல் அழைப்பு, புகைப்படம், வீடியோ எதுவும் இதில் முடியாது. சிறிய எழுத்துச் செய்தி மட்டுமே போகும்.

தமிழில் எழுதும் நமக்கு இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. ஒரு செய்தியில் ஏறத்தாழ 200 பைட்டுக்கு மேல் அடங்காது. கணினியில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 1 பைட் போதும். தமிழில் எழுத்துக்கு 3 பைட், அதன் மேல் ஏறும் புள்ளிக்கும் காலுக்கும் தனித்தனியே 3 பைட் வேண்டும். நான் எண்ணிப் பார்த்தேன். "நான் சுகம்" என்பது தமிழில் 28 பைட். அதையே ஆங்கில எழுத்துகளில் அடித்தால் 10 பைட். நானா ஆங்கில எழுத்தில் அடிக்கச் சொன்னார். உம்மும்மாவுக்கு ஆங்கில எழுத்து வாசிக்க வராது. ஆகவே எங்கள் வலையில் தமிழ்தான், ஆனால் தந்தி போலச் சுருக்கமாக.

தூரம் என்ற மயக்கம்

கருவிகளைப் பற்றித் தேடும்போது முதலில் கண்ணில் படுவது தூரக் கணக்குகள். மலையுச்சிக்கும் மலையுச்சிக்கும் இடையே 200 கிலோமீற்றருக்கு மேல் செய்தி போயிருப்பது உண்மைதான். அதைப் படித்த நானும் 2 கிலோமீற்றர் என்ன பெரிய விடயம் என்று நினைத்தேன்.

நாங்கள் முதன்முதலில் கடையில் ஒன்றும் வீட்டில் ஒன்றுமாக வைத்துச் செய்தி அனுப்பியபோது ஒரு எழுத்துகூடப் போகவில்லை. நானா வெளியே போய், முற்றத்தில் நின்று, மதிலில் ஏறி, எல்லாம் பார்த்தார். காரணம் கருவியில் இல்லை. எங்கள் வீட்டுக்கும் கடைக்கும் நடுவே ஒரு மலைச் சரிவு இறங்கி நிற்கிறது.

லோரா பயன்படுத்தும் மீடிறன்களில் அலை ஏறத்தாழ நேர்கோட்டில் செல்லும். இலைகளுக்கூடாகவும் சுவருக்கூடாகவும் ஓரளவு புகும். மண்ணையும் பாறையையும் துளைக்காது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி "எத்தனை கிலோமீற்றர்?" என்பதல்ல, "இங்கிருந்து அந்த இடம் தெரிகிறதா?" என்பதுதான். தடையில்லாத சமதரையில் அடிவானம் எவ்வளவு தூரம் என்பதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. நிற்கும் உயரத்தை மீற்றரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால் கிலோமீற்றரில் விடை வரும். 1.5 மீற்றர் உயரக் கண்ணுக்கு அடிவானம் 4.4 கிலோமீற்றர். 25 மீற்றர் உயரத்துக்கு 18 கிலோமீற்றர் அளவு. 100 மீற்றருக்கு 36 கிலோமீற்றர் அளவு. வானொலி அலை இதைவிடச் சற்று அதிகமாகவே எட்டும். அதிக விலைக்குக் கருவி வாங்குவதை விட, இருக்கும் கருவியை உயரத்தில் வைப்பது பயன் தரும் என்பது இதிலிருந்து விளங்கும்.

எங்கள் மாமாவின் வீடு மேட்டின் உச்சியில் இருக்கிறது. அங்கே மேல்தட்டில் நின்று பார்த்தால் ஒரு பக்கம் கடைவீதி தெரியும், இன்னொரு பக்கம் எங்கள் வீட்டுக் கூரை தெரியும், பின்பக்கம் பள்ளத்தில் உம்மும்மாவின் வீடும் தெரியும். மூன்றாவது கருவியை அங்கே வைத்தோம். ஐந்து செக்கனுக்குள் வாப்பாவின் தொலைபேசி கடையில் ஒலித்தது.

மூன்று வழிகள்

கருவி ஒன்றாக இருந்தாலும் அதற்குள் எந்த மென்பொருளை ஏற்றுகிறோம் என்பதில்தான் உண்மையான தெரிவு இருக்கிறது. நாங்கள் பார்த்தவை மூன்று.

முதலாவது மெஷ்டாஸ்டிக். 2020இல் கெவின் ஹெஸ்டர் என்பவர் தொடங்கியது. உலகில் அதிகம் பேர் பயன்படுத்துவது இதுதான். இதில் வழக்கமாக எல்லாக் கருவிகளும் சமம். ஒன்று சொன்னதைக் கேட்ட மற்றவை திரும்பச் சொல்லும். எல்லாம் ஒரேயடியாகக் கத்தாமலிருக்க, ஒவ்வொன்றும் சற்றுக் காத்திருக்கும். தூரத்திலிருந்து பலவீனமாகக் கேட்ட கருவி முதலில் பேசும். அருகிலிருந்து பலமாகக் கேட்டது பொறுத்திருந்து, வேறொன்று சொல்லிவிட்டால் தான் பேசாமல் விட்டுவிடும். ஒரு செய்தி வழக்கமாக 3 முறை தாவலாம். உச்சம் 7. எந்தத் திட்டமும் இல்லாமல் கருவியை இயக்கியவுடன் வலை தானாகவே உருவாகிவிடுவது இதன் சிறப்பு. சுற்றுலா போகும் குழுவுக்கும் காட்டில் நடப்பவர்களுக்கும் இது மிகப் பொருத்தம். கருவிகள் பெருகும்போது எல்லாமே திரும்பத் திரும்பப் பேசுவதால் காற்று நெரிசலாகிவிடுவது இதன் குறை.

இரண்டாவது மெஷ்கோர். இது பின்னர் வந்தது. இதில் வேலைகள் பிரிக்கப்பட்டிருக்கின்றன. நம் கையிலுள்ள கருவி நமக்காக மட்டும் பேசும், மற்றவர் செய்தியைத் திரும்பச் சொல்லாது. அந்த வேலைக்கென்று உயரத்தில் வைக்கும் தனிக் கருவிதான் ரிப்பீட்டர். ஒருவருக்கு முதல் முறை செய்தி அனுப்பும்போது அது எல்லாத் திசையிலும் பரவித் தேடும். வழி தெரிந்தபின் அடுத்த செய்திகள் அந்த வழியால் மட்டும் போகும். ஊருக்குப் புதிய தபாற்காரர் முதல் நாள் எல்லோரிடமும் விசாரித்து, மறுநாளிலிருந்து நேராக வாசலுக்கு வருவது போல. மூன்றாவதாக 'அறை' என்றொரு கருவியையும் இதில் வைக்கலாம். அது பள்ளிக்கூட அறிவித்தற்பலகை போன்றது. செய்திகளை வைத்திருந்து, பிறகு வருபவர்களுக்கு அண்மையில் வந்தவற்றைக் கொடுக்கும். நல்ல உயரத்தில் யாராவது ரிப்பீட்டர் வைக்காவிட்டால் இந்த முறையில் வலையே இல்லை என்பதுதான் இதன் குறை.

மூன்றாவது ரெட்டிகுலம். மார்க் குவிஸ்ட் என்பவர் உருவாக்கியது. இது லோராவுக்கு மட்டுமானதல்ல. வைஃபை, கம்பி, வேறு வானொலிகள் என எதன் மேலும் ஓடக்கூடிய முழு வலையமைப்பு. மறைகுறியாக்கம் இதன் அடித்தளத்திலேயே இருக்கிறது. கணினி வலையமைப்பை ஆழமாகக் கற்க விரும்புபவருக்கு இது பெரிய பாடசாலை. ஆனால் இதை அமைக்கக் கணினி அறிவும் பொறுமையும் வேண்டும். நானா இன்னும் இதைக் கிண்டிக்கொண்டுதான் இருக்கிறார். உம்மும்மாவின் வீட்டுக்கு இது சரிவராது.

'லோராவான்' என்ற பெயரைக் கண்டு குழம்ப வேண்டாம். அது வயல்களிலும் தண்ணீர் மானிகளிலும் உள்ள உணரிகளின் தகவலை ஒரு மையக் கருவிக்கு அனுப்பி, அங்கிருந்து வழக்கமாக இணையத்துக்குக் கொண்டுபோகும் முறை. இணையம் போன இரவில் நமக்கு அது உதவாது.

நாங்கள் தெரிந்தது எப்படி?

முதல் மாதம் மெஷ்டாஸ்டிக்கை வைத்துப் பார்த்தோம். நன்றாகவே வேலை செய்தது. ஆனால் ஒரு சிக்கல் வந்தது. உம்மும்மா எதையும் வீணாக்க மாட்டார். மின்வெட்டு என்றால் முதல் வேலையாகக் கருவியை அணைத்துவிடுவார். "தேவைப்பட்டாப் போட்டுப் பார்க்கத்தானே வேணும்? சும்மா எரியிறதுக்கு எதுக்கு?" என்பார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அணைந்திருந்த நேரம் நாங்கள் அனுப்பியதெல்லாம் காற்றோடு போய்விட்டது. செய்தியைச் சேமித்து வைத்துப் பிறகு கொடுக்கும் பகுதி அந்த மென்பொருளிலும் உண்டு. ஆனால் கூடுதல் நினைவகம் உள்ள சில கருவிகளுக்கே அது பொருந்தும். எங்களிடம் இருந்தவை அப்படிப்பட்டவை அல்ல.

அப்போதுதான் எங்கள் தேவையை ஒரு தாளில் எழுதினோம். பேச வேண்டிய இடங்கள் மூன்று. எதுவும் நகராது. மூன்றுக்கும் தெரியும் உயரம் ஒன்று நம் கையில் இருக்கிறது. ஓர் இடத்தில் கருவி அடிக்கடி அணைந்திருக்கும். இப்படி எழுதிப் பார்த்ததும் விடை தானாகவே தெரிந்தது. மாமாவின் மேல்தட்டில் ஒரு ரிப்பீட்டர், அவர் வீட்டுக்குள் ஓர் 'அறை', மூன்று இடங்களிலும் ஒவ்வொரு கைக்கருவி என மெஷ்கோருக்கு மாறினோம். இப்போது உம்மும்மா கருவியைப் போட்டதும், கூட இருக்கும் மாமாவின் சின்ன மகன் 'அறை'க்குள் போய் விட்டுப்போன செய்திகளை வாசித்துக் காட்டுகிறான்.

கையிலிருந்த கருவிகளை வீச வேண்டியிருக்கவில்லை. பிரபலமான பல கருவிகளில் இம்மூன்று மென்பொருள்களையும் மாற்றி மாற்றி ஏற்றலாம். ஆனால் ஒரு முறையில் உள்ள கருவி மற்ற முறையில் உள்ளதோடு பேசாது. ஆகவே உங்கள் ஊரில் ஏற்கெனவே யாராவது ஒரு முறையைப் பயன்படுத்தினால், மறு யோசனையின்றி அதையே தெரிவு செய்யுங்கள். தனித்து நிற்கும் சிறந்த முறையை விட, அயலவர் இருக்கும் சாதாரண முறை மேலானது.

கருவி வாங்கும்போது

கருவியின் மூளையாக இருக்கும் சில்லுகளில் இரண்டு வகை பரவலாக உண்டு. ஈஎஸ்பி32 சில்லு உள்ள ஹெல்டெக், டி-பீம் போன்ற கருவிகள் விலை குறைந்தவை. ஆனால் 100 மில்லி அம்பியர் அளவில் மின்சாரம் குடிக்கும். என்ஆர்எஃப்52 சில்லு உள்ள ராக் போன்றவற்றுக்கு 10 மில்லி அம்பியர் அளவே போதும். 3000 மில்லி அம்பியர் மணி கொண்ட ஒரு மின்கலத்தில் முதல் வகை ஏறத்தாழ 30 மணி நேரம் ஓடும். இரண்டாம் வகை 12 நாட்கள் வரை ஓடும். வீட்டில் மின்னேற்றக்கூடிய இடத்துக்கு முதலாவது போதும். கூரையில் சிறிய சூரியத் தகட்டோடு வைப்பதற்கு இரண்டாவதுதான் சரி.

அன்டனா, மீடிறனுக்குப் பொருந்தியதாக இருக்க வேண்டும். பௌதிகவியல் படிக்கும் தோழியர் இதைத் தாமே கணிக்கலாம். ஒளியின் வேகத்தை மீடிறனால் வகுத்தால் அலைநீளம். அதில் கால் பங்கு சாதாரணக் கம்பி அன்டனாவின் நீளம். 868 மெகாஹேட்ஸுக்கு 8.6 சென்ரிமீற்றர், 433 மெகாஹேட்ஸுக்கு 17.3 சென்ரிமீற்றர். இன்னொன்று: அன்டனாவைப் பூட்டாமல் கருவியை ஒருபோதும் இயக்கக் கூடாது. வெளியேற வழியில்லாத வலு திரும்பி வந்து அனுப்பும் பகுதியையே எரித்துவிடலாம். எங்களுடைய நான்காவது கருவி அப்படித்தான் போனது. அவசரப்பட்டது நான்தான். நானா இன்றுவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பெற்றோருக்கு இரண்டு வார்த்தை

முதலாவது, சட்டம். இலங்கையில் வானொலிக் கருவிகள் 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. இதைப் பார்ப்பது இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. ஐரோப்பாவில் ஒரு மீடிறன், அமெரிக்காவில் இன்னொன்று, இந்தியாவில் வேறொன்று என நாட்டுக்கு நாடு இது மாறும். வெளிநாட்டிலிருக்கும் உறவினர் அன்பளிப்பாகக் கொண்டுவரும் கருவி இங்கே பயன்படுத்தக் கூடாததாக இருக்கலாம். "மகள், முதல்ல அனுமதி, பிறகுதான் சாமான்" என்று வாப்பா உறுதியாகச் சொல்லிவிட்டார். கருவியின் வகை, மீடிறன், வலு மூன்றையும் குறிப்பிட்டு ஆணைக்குழுவுக்கு எழுதி, பதில் கிடைத்த பிறகே எங்கள் கருவிகள் வந்தன. எங்களுக்குச் சொல்லப்பட்ட விபரத்தை நான் இங்கே எழுதவில்லை. கருவிக்குக் கருவி அது வேறுபடும், விதிகளும் மாறும். நீங்களும் கேட்டறிந்தே வாங்குங்கள்.

இரண்டாவது, பாதுகாப்பு. இக்கருவிகள் சிலவற்றில் இருப்பிடத்தைக் கண்டறியும் வசதி உண்டு. அதை அப்படியே விட்டால் உங்கள் மகள் நிற்கும் இடம் சுற்றுவட்டாரத்தில் கருவி வைத்திருக்கும் எவருக்கும் வரைபடத்தில் தெரியலாம். வாங்கியதும் அதை நிறுத்திவிடுங்கள். கருவிக்கு வைக்கும் பெயரும் எல்லோருக்கும் தெரியும். பிள்ளையின் பெயரை வைக்காதீர்கள். எங்கள் கருவிகளின் பெயர்கள் கறுவா, ஏலம், கராம்பு. ஆரம்பத்தில் வரும் பொது அலைவரிசையின் திறவுகோல் உலகுக்கே தெரிந்தது. அதில் பேசுவது சந்தையில் நின்று பேசுவது போன்றது. குடும்பத்துக்கென்று தனி அலைவரிசை அமைத்து, அதன் திறவுகோலை நேரில் மட்டும் கொடுங்கள். வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால் அது இரகசியம் அல்ல.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அனுப்பிய ஒவ்வொரு செய்தியும் போய்ச் சேரும் என்ற உத்தரவாதம் இதில் இல்லை. உயிருக்கு ஆபத்து என்றால் முதலில் முயல வேண்டியது அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தைத்தான். இந்த வலை அதற்குப் பதிலீடு அல்ல.

ஒரு பெண்ணின் குரல்

பொழுதுபோக்கு என்ற சொல்லைக் கேட்டு முகம் சுளிப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற இந்தியப் பெண்மணி, அமெச்சூர் வானொலியாளராக அந்தமான் தீவின் போர்ட் பிளேயருக்குப் போயிருந்தார். உலகெங்கும் உள்ள வானொலி ஆர்வலர்களோடு தொடர்புகொள்வதே பயணத்தின் நோக்கம். டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி வந்தது. தொலைபேசிகள் செயலிழந்தன. பொழுதுபோக்குக்காகக் கொண்டுபோன அதே வானொலியை வைத்து அவர் தீவிலிருந்து செய்திகளை வெளியுலகுக்கு அனுப்பினார். உறவினரைத் தேடி ஏங்கியவர்களுக்கு, அவர்கள் உயிரோடிருக்கும் தகவல் அந்த வழியால் போய்ச் சேர்ந்தது. நமது நாட்டிலும் அந்நாட்களில் அமெச்சூர் வானொலியாளர்கள் இத்தகைய பணியைச் செய்தார்கள்.

எங்கள் சின்னக் கருவிகள் அந்தப் பெரிய வானொலிகளுக்கு ஈடாகா. அவர்கள் பரீட்சை எழுதி உரிமம் பெற்றவர்கள். நம் நாட்டிலும் அந்தப் பரீட்சை நடக்கிறது. உயர்தரப் பரீட்சை முடிந்ததும் அதை எழுதுவது என் எண்ணம். நம் கல்லூரியிலிருந்து இன்னும் நான்கைந்து பேர் சேர்ந்தால் ஒன்றாகவே படிக்கலாம்.

சென்ற மழைக்காலத்தில் மீண்டும் ஒரு நாள் ஓயா பெருகியது. கடைக்குள் முழங்கால் அளவு தண்ணீர். கரண்ட் இல்லை, சிக்னலும் இல்லை. உம்மா குப்பி விளக்கின் பக்கத்தில் தொலைபேசியை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். இஷா முடிந்து சற்று நேரத்தில் அது ஒலித்தது.

"மேல்மாடி. நான் சுகம். நீங்க சாப்பிடுங்க."

உம்மா அதை இரண்டு தடவை வாசித்தார். பிறகு எழுந்துபோய் எங்களுக்குச் சோறு போட்டார்.